சீமைப் பெருச்சாளியும் குன்னூர்க் கூண்டுகளும்

கருங்குழி என்றவுடன் தமிழன்பர் பலருக்கும் வள்ளலார் தண்ணீரால் விளக்கெரித்த ஊரே நினைவுக்கு வரும். அந்தக் கருங்குழி வடலூருக்கு அருகே இருக்கிறது. நாம் இங்கே பேசப்போவது மதுராந்தகத்தை அடுத்துச் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்துள்ள செங்கற்பட்டு நாட்டுக் கருங்குழியைக் குறித்து. ஆங்கிலேயர் தம் ஆவணங்களில் 'காரங்கூலி' என்று எழுதிவைத்த கோட்டையூர் இது. 1759 டிசம்பரில், வந்தவாசிப் போருக்குச் சில வாரங்கள் முன்னதாக, அயர் கூட் இக்கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினார். பின்னர் அது ஐதர் அலியின் கைக்குப் போயிற்று. 1781 ஜனவரியில், முதுமையை எட்டிவிட்ட அதே கூட் அனுப்பிய படைப்பிரிவு மீண்டும் அதனைப் பிடித்தது. இவற்றையெல்லாம் எழுதியோர் பலர் உளர். நாமும் எழுதிச் சேர்க்க வேண்டியதில்லை. இக்கட்டுரை, அக்கோட்டையூரின் வீடுகள் சிலவற்றில் இந்நாளில் கம்பிக் கூண்டுக்குள் வளர்ந்துவரும் ஒரு சிற்றுயிரின் வயிற்றைப் பற்றியது.

வரலாற்றுக் கட்டுரையில் வயிற்றுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். இந்த உயிரைப் பொறுத்தவரை வரலாறே வயிற்றில்தான் இருக்கிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

கினிப் பன்றி என்று ஆங்கில வழியில் நாம் அழைக்கும் இவ்விலங்கு பன்றியும் அன்று. ஆப்பிரிக்கக் கினி நாட்டிலிருந்து வந்ததும் அன்று. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டிற்கு உரியது. தமிழில் இதற்குச் 'சீமைப் பெருச்சாளி' என்று பெயரிட்டவர்கள் ஆங்கிலேயரைக் காட்டிலும் சற்று நியாயமாக நடந்துகொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். கொறிக்கும் இனம் என்பதைக் கண்டுகொண்டு பெருச்சாளியாக்கினார்கள். கப்பலேறி வந்த பொருள்களுக்கெல்லாம் சீமை என்ற அடைமொழியைக் கொடுத்துவிடும் நம் வழக்கப்படி, சீமைச் சுண்ணாம்பு, சீமை எண்ணெய், சீமைக் கருவேலம் வரிசையில் இதனையும் சேர்த்துவிட்டார்கள். பெருச்சாளி என்று பெயர் வைத்தவர்கள் அதற்குரிய அறுகம்புல்லையும் கையோடு நினைவூட்டிவிட்டுப் போயிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். அதற்குப் பிறகு வருவோம்.

பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற இடங்களிலும், நகரத்து வளர்ப்புப் பிராணிக் கடைகளிலும் வாங்கப்பெற்று நெடுஞ்சாலை வழியே நம் பக்கத்து ஊர்களுக்கு வந்துசேரும் இவ்வுயிர்கள் என்ன உண்கின்றன? நாம் அறிந்த வீடுகளில் கண்டதைச் சொல்கிறோம். சோறு, பொரி, ரொட்டித்துண்டு, பிஸ்கட்டு, காய்ச்சிய பால், கோழிக்கு வாங்கிய தானியம். அன்போடுதான் கொடுக்கிறார்கள், குழந்தைகள் தம் தட்டிலிருந்து எடுத்து ஊட்டுகிறார்கள். சில வாரங்களில் அது மூலையில் குன்றி உட்கார்ந்துவிடுகிறது. கழிச்சல் காண்கிறது, அல்லது புழுக்கை நின்றுபோய் வயிறு உப்புகிறது. பின்னர் ஒருநாள் காலையில் கூண்டு அசைவற்றிருக்கிறது. 'சீமைப் பிராணி, நம்மூர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை' என்று வெயிலின்மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள்.

வெயிலும் அதற்கு ஆகாதுதான். எனினும் நாம் மேலே சொன்ன உணவுப் பட்டியலை ஒத்த ஒன்று, நூறாண்டுகளுக்கு முன்னர் இதே தமிழகத்தில், நீலகிரியின் குளிர்ச்சியில் இவ்விலங்குகளுக்கு வேண்டுமென்றே திட்டமிட்டுக் கொடுக்கப்பட்டது. என்ன நேரும் என்று பார்ப்பதற்காகவே கொடுத்தார்கள். நேர்ந்ததை எழுதியும் வைத்தார்கள். அந்த ஏடுகளிலிருந்து மனிதனுக்கு வேண்டியவற்றை நாம் எடுத்துக்கொண்டோம். கூண்டிலிருந்த உயிருக்கு உரியதை எடுத்துக்கொடுக்க மறந்தோம்.

கதையைச் சற்று முன்னிருந்து தொடங்குவோம். ஆண்டீஸ் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இதனை அடுக்களையிலேயே வளர்த்துவந்தனர். அவர்களுக்கு இது இறைச்சி. புல்லும் தழையும் காய்கறித் தோலும் உண்டு அடுப்பங்கரையில் பெருகிற்று. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பா சென்று செல்வர் வீட்டுச் செல்லப் பிராணியாயிற்று. அடக்கமான இயல்பும் சிறிய உடலும் அதனை ஆய்வுக்கூடத்துக்கு இழுத்துச் சென்றன. 1782-83 குளிர்காலத்தில் பாரிசில் லவாய்சியரும் லாப்லாசும் பனிக்கட்டி சூழ்ந்த ஒரு கலத்துக்குள் இவ்விலங்கை வைத்து, அதன் உடல்வெப்பம் 10 மணி நேரத்தில் எவ்வளவு பனியை உருக்குகிறது என்று அளந்தனர். ஏறத்தாழ 13 அவுன்சு உருகியது. உயிரின் மூச்சும் ஒருவகை எரிதலே என்னும் முடிவுக்கு அது துணைநின்றது.

அதே 1782இல் நம் கடற்கரையில் வேறொரு காட்சி. பிப்ரவரி 17ஆம் நாள், கருங்குழிக்குக் கிழக்கே சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால், பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானும் ஆங்கிலத் தளபதி எட்வர்டு இயூசும் கடற்போர் புரிந்தனர். அந்தப் போர்வரிசையில் பீரங்கிக் குண்டுகளோடு சேர்ந்து ஆள்களை வீழ்த்திய மற்றொரு பகை ஸ்கர்வி. ஈறு வீங்கி இரத்தம் கசியும். பழைய புண் திறந்துகொள்ளும். கால் நீலம் பாரித்து மனிதன் எழ முடியாமற் கிடப்பான். 1783 ஜூனில் கடலூர் அருகே நடந்த கடைசிப் போருக்குப்பின் இயூசு சென்னைக்குத் திரும்பியதற்குத் தண்ணீர்த் தட்டுப்பாட்டோடு இந்நோயும் காரணமாயிற்று. சென்னைக் கடற்படை மருத்துவமனையில் 1782, 1783 ஆகிய ஆண்டுகளில் கண்ட நோய்களைச் சார்லசு கர்ட்டிசு என்ற மருத்துவர் பின்னாளில் நூலாகவே எழுதினார். அது 1807இல் வெளிவந்தது. பாரிசின் பனிக்கலத்துக்குள் இருந்த விலங்கும் சோழமண்டலக் கடலில் சாகக்கிடந்த மாலுமியும் ஒரே குறையால் கட்டுண்டவர்கள் என்பது அன்று எவருக்கும் தெரியாது.

அந்தக் குறை இதுதான். பெரும்பாலான விலங்குகள் உயிர்ச்சத்து 'சி'யைத் தம் உடலுக்குள்ளேயே செய்துகொள்கின்றன. எலி செய்துகொள்ளும், ஆடு செய்துகொள்ளும், நாய் செய்துகொள்ளும். மனிதன், குரங்கினத்திற் பல, சில வௌவால்கள், இந்தச் சீமைப் பெருச்சாளி ஆகியோர்க்கு அந்தக் கடைசி வேலையைச் செய்யும் நொதி இல்லை. நாள்தோறும் வெளியிலிருந்து, பசுமையான உணவிலிருந்து, பெற்றாக வேண்டும்.

இதனைக் கண்டறிந்தது ஒரு தற்செயல். நார்வேயில் ஆக்செல் ஓல்ஸ்ட் என்பாரும் தியோடர் ஃபிரோலிக் என்பாரும் கப்பல் மாலுமிகளுக்கு வரும் பெரிபெரி போன்ற நோயை ஆராயப் புகுந்தனர். புறாக்களுக்குத் தானியம் மட்டும் கொடுத்துப் பார்த்தவர்கள், பாலூட்டி ஒன்றிலும் பார்க்கவேண்டும் என்று சீமைப் பெருச்சாளியைத் தேர்ந்தனர். தானியமும் ரொட்டியுமே உணவு. வந்ததோ பெரிபெரி அன்று. அச்சு அசலாக ஸ்கர்வி! 1907இல் இம்முடிவு வெளியாயிற்று. அவர்கள் எலியைத் தேர்ந்திருந்தால் ஒன்றுமே நிகழ்ந்திராது. ஸ்கர்வியின் புதிர் இன்னும் பல ஆண்டுகள் நீடித்திருக்கும்.

பின்னர் முதல் உலகப் போர் வந்தது. மெசபொடேமியாவில் கூத் நகரில் 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை முற்றுகையில் சிக்கிய படையில், குதிரை இறைச்சியை உண்ண மறுத்த இந்திய வீரர்களிடையே ஸ்கர்வி பரவிற்று. இலண்டன் லிஸ்டர் நிலையத்தில் ஆரியட் சிக் என்னும் அம்மையாரும் அவர்தம் தோழியரும், பாலைவனத்தில் பழம் கிடைக்காத இந்திய வீரனுக்கு எதைக் கொடுக்கலாம் என்று கண்டறிய இவ்விலங்கையே அளவுகோலாக்கினர். உலர்ந்த பயற்றில் ஒன்றுமில்லை, அதனை ஊறவைத்து முளைகட்டினால் சத்துப் பிறக்கிறது என்று கண்டனர். நம் அடுக்களைப் புளி, மாங்காய் வற்றல், மேற்குக் கரையின் கொடம்புளி இனத்துக் கோகம் ஆகிய மூன்றையும்கூட அந்தச் சிற்றுயிர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓரளவு பயனுண்டு, ஆனால் பசுங்கீரைக்கும் ஆரஞ்சுச் சாற்றுக்கும் ஈடாகா என்பது 1919இல் வந்த முடிவு. இலண்டன் கூண்டுகளில் புளி தின்ற சீமைப் பெருச்சாளிகளை எண்ணும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது, வேறொன்றும் வருகிறது.

இனிக் குன்னூர். தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் 1907இல் அங்கே தொடங்கப்பெற்றது. நாய்க்கடிக்கு மருந்து செய்யும் நிலையமாகவே மக்கள் அதனை அறிந்திருந்தனர். 1918இல் அங்கே பெரிபெரி ஆய்வுக்காக வந்தமர்ந்தவர் இராபர்ட் மெக்காரிசன். அயர்லாந்தில் பிறந்து, 1901இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, கில்கித் மலைப்பகுதியில் கழுத்துக்கழலை நோயை ஆராய்ந்தவர். குன்னூரில் அவருக்கு வாய்த்தவை சிறிய இடமும் சிறிய கருவிகளுமே. அங்கிருந்து அவர் செய்த பணியே பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக விரிந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. இடையில் 1923இல் சிக்கனம் என்ற பெயரால் அரசு அவருடைய ஆய்வையே நிறுத்திவிட்டதும், இரண்டாண்டுக்குப்பின் மீண்டும் தொடங்கியதும் தனிக்கதை.

மெக்காரிசன் புறாக்களுக்கும் குரங்குகளுக்கும் குறையுணவு கொடுத்துப் பார்த்ததோடு, சீமைப் பெருச்சாளிகளுக்கு நொறுக்கிய ஓட்சு தானியத்தையும், அழுத்தக் கலத்தில் உயர் வெப்பத்தில் கொதிக்க வைத்த பாலையும் உணவாகக் கொடுத்தார். அவ்வெப்பத்தில் உயிர்ச்சத்து 'சி' அழிந்துவிடும். ஆக, வயிறு நிறையும். மாவும் உண்டு, புரதமும் உண்டு, கொழுப்பும் உண்டு. பசுமை மட்டும் இல்லை.

மற்றவர்கள் இந்நிலையில் ஈற்றையும் மூட்டையும் எலும்பையும் பார்த்துக்கொண்டிருந்தனர். ஸ்கர்வி அங்கேதான் தெரியும். மெக்காரிசன் குடலைப் பார்த்தார். அவருடைய தனித்தன்மை அதுவே என்பது நம் கருத்து. ஈறும் மூட்டும் ஒன்றும் காட்டாத நிலையிலேயே, வெளிப்பார்வைக்கு நலமாகவே தோன்றும் விலங்கின் முன்சிறுகுடலில் இரத்தம் கட்டியிருப்பதையும் உட்சுவரில் கசிவுத் திட்டுகள் இருப்பதையும் கண்டார். நோய் பெயர் பெறுவதற்கு முன்பே குடல் அதை அறிந்திருக்கிறது. காப்புக் குலைந்த குடல்வழியே கிருமிகள் எளிதில் நுழைகின்றன. மனிதரின் தீராத வயிற்றுக் கோளாறுகள் பலவற்றுக்கும் வேர் குறையுணவே என்னும் தம் கொள்கையை அவர் இதன்மேல் எழுப்பினார். 1921இல் வெளிவந்த அவருடைய குறைநோய் ஆய்வு நூலும், அதனையொட்டி அமெரிக்காவில் அவர் ஆற்றிய சொற்பொழிவும் இதனை உலகறியச் செய்தன. எல்லா வயிற்று நோய்க்கும் உணவுக் குறையையே காரணமாக்கும் அளவுக்கு அவர் சென்றது மிகை என்று பிற்காலத்தார் கூறலாம். கூண்டில் கண்டது மிகையன்று.

இப்போது நம் கருங்குழி வீட்டுக் கூண்டின் தட்டை மீண்டும் நோக்குக. தானியம், ரொட்டி, காய்ச்சிய பால். குன்னூரில் நோயை உண்டாக்குவதற்காக வகுக்கப்பெற்ற பட்டியலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அங்கே அறிந்து செய்தார்கள். இங்கே அறியாமற் செய்கிறோம். இரண்டு மூன்று வாரங்களில் உடல் வாடத் தொடங்குவதும், முதலில் வயிறு கெடுவதும் அங்கே கண்ட அதே வரிசைதான்.

1928இல் செந்த்-ஜியார்ஜி பிரித்தெடுத்த ஓர் அமிலமே ஸ்கர்வியைத் தடுக்கும் பொருள் என்று 1932இல் உறுதியானபோதும், அதை மெய்ப்பித்தவை அங்கேரியின் செகெட் நகரத்துக் கூண்டுகளில் இருந்த இவ்விலங்குகளே. 1937இல் அவர் நோபல் பரிசு பெற்றார். அதே 1937இல் குன்னூரிலிருந்து, மெக்காரிசனுக்குப்பின் தலைமையேற்ற அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை நலவாழ்வு அறிக்கை எண் 23 என வெளியிட்டார். பல பதிப்புக் கண்ட அவ்வட்டவணை மரபில் நெல்லிக்காய்க்கு 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் என்ற கணக்கு இடம்பெற்று நம் பள்ளிப் பாடங்கள் வரை வந்துவிட்டது. அதியமான் ஔவைக்கு ஈந்த கனி என்று வகுப்பில் நாம் சொல்லும்போது மாணவர்கள் பதிலுக்கு ஒப்பிப்பது இந்த 600ஐத்தான்.

உயிர்ச்சத்து 'சி' மட்டும் போதுமென்று சொட்டு மருந்து வாங்கி ஊற்றுவோரும் உண்டு. அது பாதிக் கதையே. இவ்விலங்கின் வயிறு நம் வயிறு அன்று. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் சீக்கம் எனப்படும் பெரிய பையொன்று இருக்கிறது. குடலில் உள்ள உணவின் பெரும்பகுதி எந்நேரமும் அதற்குள்தான் கிடக்கும். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லின் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. அப்படிப் புளித்து வரும் மென்மையான ஒருவகைப் புழுக்கையை அது மீண்டும் தின்றுவிடும். வீட்டார் கண்டு முகஞ்சுளிப்பார்கள், தடுக்கவும் பார்ப்பார்கள். தடுக்கக் கூடாது, இரண்டாம் முறையில்தான் பல உயிர்ச்சத்துகள் உடலில் சேர்கின்றன. நார் இடைவிடாமல் உள்ளே சென்றால்தான் குடல் நகரும். சோறும் ரொட்டியும் சென்றால் நுண்ணுயிர்களின் சமநிலை கெட்டு வாயு மிகும், குடல் நின்றுவிடும். அதனால் வாந்தி எடுக்கவும் இயலாது. பற்களோ வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டேயிருப்பவை. முன்பல் மட்டுமன்று, கடைவாய்ப்பல்லும் அப்படியே. புல்லை அரைத்தே அவை தேயவேண்டும். மென்மையான உணவே உண்டால் பல் நீண்டு நாவை அழுத்தும். பசித்தும் உண்ண முடியாமல் நிற்கும். நாமோ அதற்குப் பசியில்லை என்று கருதுவோம்.

பென்சிலின் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1940 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி குழுவினர் அம்மருந்தைச் சோதித்தது சுண்டெலிகளில். எலிகள் பிழைத்தன, மருந்து உலகுக்கு வந்தது. சில ஆண்டுகளில் வேறு ஆய்வாளர் சீமைப் பெருச்சாளிக்குக் கொடுத்தபோது, மனிதனைக் காத்த அம்மருந்து அவற்றைக் கொன்றது. காரணம் அந்தச் சீக்கத்தின் நுண்ணுயிர்களே. நல்லவற்றை மருந்து அழித்துவிட, நஞ்சு சுரக்கும் கிருமி அவ்விடத்தில் பெருகுகிறது. முதற்சோதனையை இவ்விலங்கில் செய்திருந்தால் பென்சிலினை நஞ்சென்று ஒதுக்கியிருப்போம் என்று ஃபுளோரியே பின்னர் வியந்தார். இதை வெறும் வியப்புச் செய்தியாக விட்டுவிடக் கூடாது. கழிச்சல் என்றவுடன் மருந்துக்கடையில் குழந்தைகளுக்கான அமாக்சிசிலின் கரைசலை வாங்கி இரண்டு சொட்டு விடும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அவ்விரண்டு சொட்டே போதும். புழுக்கை சிறுத்தாலோ நின்றாலோ, அரைநாள் உண்ணாதிருந்தாலோ, கூனிக் குறுகிப் பல்லை நறநறவென்று கடித்தாலோ, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

என்ன கொடுப்பது? மதுராந்தகம் ஏரியைச் சுற்றியுள்ள இவ்வூர்களில் இக்கேள்விக்கு விடை வரப்புதோறும் வளர்ந்து கிடக்கிறது. புல்லே உணவில் முக்காற்பங்கு இருக்கவேண்டும். அறுகம்புல் பச்சையாகவும் நிழலில் உலர்த்தியும் மிகப் பொருத்தமானது. வைக்கோலில் நார் உண்டு, சத்து இல்லை, படுக்கைக்கு ஆகும். உயிர்ச்சத்து 'சி' நாளொன்றுக்கு உடல் எடை கிலோவுக்கு 10 மில்லிகிராம், சினையாயின் 30 வரை வேண்டும். 100 கிராம் பச்சைக் குடைமிளகாயில் 100 மில்லிகிராமுக்கு மேலும், கொய்யாவில் 200க்கு மேலும் இருப்பதால், ஒரு துண்டு குடைமிளகாயும் ஒரு கொத்துக் கொத்தமல்லியும் அன்றாடத்துக்குப் போதும். கொய்யா இனிப்பாகையால் எப்போதேனும் ஒரு கீற்று. முருங்கைக்கீரை சத்துள்ளது, ஆனால் சிறிதளவே. அகத்திக்கீரையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. நாள்தோறும் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் சேரும். பெல்லட் தீவனம் வாங்குவோர் பையின்மேல் உள்ள தேதியைப் பார்க்கவேண்டும். அதிற் சேர்த்த உயிர்ச்சத்து 'சி' மூன்று மாதங்களில் பெருமளவு குன்றிவிடும். பாலும் சோறும் பிஸ்கட்டும் வேண்டா.

சித்திரை, வைகாசியில் ஏரிக்கரைப் புல்லும் காய்ந்துவிடும். ஆகையால் தை, மாசியிலேயே அறுத்து, நிழலில் பரப்பி, ஈரம் முற்றும் போனபின் சாக்கில் கட்டிவைத்துக்கொள்வது நல்லது. பூஞ்சணம் பிடித்த புல்லை எறிந்துவிட வேண்டும். புல் அறுக்குமுன் வரப்புக்குரியவரிடம் களைக்கொல்லி எப்போது அடித்தார் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அண்மையில் அடித்ததென்றால் அந்த வரப்பை விட்டுவிட்டு வேறிடம் பாருங்கள்.